அம்மாவுக்கு ஒரு தொடு விளக்கு

தொடு சுவிட்ச் செய்யப்போகிறேன் என்று வீட்டில் சொன்னால் முதலில் வரும் கேள்வி, "ஷாக் அடிக்காதா?" என்பதுதான். அம்மாவும் அதையே கேட்டார். நியாயமான கேள்வி. ஈரக் கையோடு சுவிட்ச் போர்டு பக்கம் போகாதே என்று சொல்லிச் சொல்லி எங்களை வளர்த்தவரிடம், விளக்கைப் போட இனிமேல் தொட்டால் போதும் என்றால் எப்படி நம்புவார்?

ஷாக் அடிக்காது. விரல் எந்த உலோகத்தையும் தொடுவதே இல்லை. ஒரு செம்புத் தகடு, அதன்மேல் பூச்சோ பிளாஸ்டிக்கோ மரமோ, அதற்கு மேல் விரல். நடுவில் கரண்ட் கடத்தாத பொருளை வைத்து இரண்டு பக்கமும் கடத்தும் பொருள் இருந்தால் அது கெப்பாசிட்டர். ஃபேன் மெதுவாகச் சுற்றும்போது எலக்ட்ரீஷியன் வந்து மாற்றிவிட்டுப் போகும் கண்டன்சரும் இந்தக் குடும்பம்தான். மின்னூட்டத்தைத் தேக்கும் அதன் திறனை, அதாவது கெப்பாசிட்டன்ஸை, ஃபாரட் கணக்கில் அளக்கிறார்கள். சீலிங் ஃபேனில் இருப்பது பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட். விரல் பட்டதும் தகட்டில் கூடுவதோ சில பிக்கோஃபாரட் மட்டும். ஒரு மைக்ரோஃபாரடுக்குப் பத்து லட்சம் பிக்கோஃபாரட் என்றால், எவ்வளவு சின்ன மாற்றத்தைத் தொடு சுவிட்சில் இருக்கும் சிப் கவனிக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் உடம்பே ஒரு கெப்பாசிட்டர் என்பதற்கு வீட்டிலேயே சாட்சி இருக்கிறது, டெஸ்டர். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு டெஸ்டரை ஃபேஸில் வைத்து அதன் தலையில் விரலை வைத்தாலும் உள்ளே இருக்கும் நியான் மினுக்குகிறது. செருப்பு கரண்டைக் கடத்தாது, அப்புறம் சுற்று எப்படி முடிகிறது? உடம்புக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் கெப்பாசிட்டன்ஸ் வழியாகத்தான். எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் நிலை மின்சாரச் சோதனை செய்யும்போது ஒரு மனித உடம்பை 100 பிக்கோஃபாரட் என்று கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அதன் வழியாக ஓடுவது ஏழு மைக்ரோ ஆம்பியர் அளவுதான். நியானுக்கு அது போதும், நமக்கு அது தெரியாது. தொடு சென்சாரில் 230 வோல்ட் கூடக் கிடையாது, வெறும் ஐந்து வோல்ட்.

இவ்வளவையும் அம்மாவிடம் சொல்லவில்லை. "செல்போன் திரையைத் தொடுகிறீர்களே, அதே சமாச்சாரம்தான்" என்றேன். சரி என்றுவிட்டார்.

அவருக்கு வேண்டியது பெரிய விஷயம் இல்லை. இரவில் எழுந்து பாத்ரூம் போக ஒரு சின்ன வெளிச்சம். சுவிட்ச் போர்டு கதவருகே இருக்கிறது, கட்டில் எதிர்மூலையில். டியூப் லைட்டைப் போட்டால் தூக்கம் கலைந்துவிடும், அப்புறம் விடியும்வரை புரள வேண்டியதுதான். வயரில் தொங்கும் பழைய பெட் சுவிட்ச் ஒன்று இருந்தது. கட்டைவிரல் மூட்டு வலி வந்தபின் அதை அழுத்துவது அவருக்குச் சிரமமாகிவிட்டது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். வெறுமனே போடுவதும் அணைப்பதும்தான் தேவை என்றால் இதற்கு மைக்ரோகண்ட்ரோலரே, அதாவது புரோகிராம் எழுதி ஏற்றும் குட்டிக் கம்ப்யூட்டர் சிப்பே, வேண்டாம். டிடிபி223 என்று ஒரு சிப் உண்டு. தைவான் நிறுவனமான டோன்டெக் தயாரிப்பது. சில பத்து ரூபாய்க்கு, விரல் நுனி அளவுப் போர்டில் பொருத்தியே விற்கிறார்கள். அதில் ஏ, பி என்று இரண்டு சின்ன சால்டர் புள்ளிகள் இருக்கும். இரண்டையும் விட்டுவிட்டால் விரல் இருக்கும்வரை வெளியீட்டு வோல்டேஜ் உயர்ந்திருக்கும், எடுத்ததும் இறங்கிவிடும். பி-யை ஈயத்தால் இணைத்துவிட்டால் ஒரு தொடலில் எரியும், மறு தொடலில் அணையும். ஏ-யை இணைத்தால் எல்லாம் தலைகீழ். இதோடு ஒரு மாஸ்ஃபெட்டை, சின்ன சிக்னலைக் கொண்டு பெரிய கரண்டைத் திறந்து மூடும் பாகத்தை, சேர்த்தால் விளக்கு தயார், ஒரு வரி புரோகிராம்கூட எழுத வேண்டியதில்லை. ஆர்டுயினோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டு இல்லாமல் எதுவும் நடக்காது என்று காட்டும் வீடியோக்களைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். ஏதாவது முடிவெடுக்க வேண்டிய இடம் வரும்போதுதான் மைக்ரோகண்ட்ரோலருக்கு வேலை. அம்மாவின் விளக்கில் அது வந்தது. எப்படி என்று பின்னால் சொல்கிறேன். முதலில் சென்சார்.

இந்தச் சிப்புக்கு விரல் என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம், "வழக்கமாக இருந்த அளவு, இப்போது மாறிய அளவு" இரண்டும்தான். கரண்ட் கொடுத்ததும் அரை விநாடி போல எடுத்துக்கொண்டு, தகட்டில் அப்போது இருக்கும் அளவையே வழக்கமாக எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் கையை வைத்திருந்தால் கையையும் சேர்த்து வழக்கமாக்கிவிடும். யாரும் தொடாமல் இருக்கும்போது சுமார் நான்கு விநாடிக்கு ஒருமுறை அந்த வழக்கத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும். ஃபேன் சத்தத்தில் நன்றாகத் தூங்குகிறவர் கரண்ட் போய் ஃபேன் நின்றதும் விழித்துக்கொள்வாரே, அப்படி. வெயில் ஏறினாலும் மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்தாலும் விளக்கு தானாக எரியாமல் இருப்பதற்கு இந்தத் திருத்தம்தான் காரணம்.

மாற்றம்தான் கணக்கு என்பதால், அந்த மாற்றத்தை யார் உண்டாக்கினாலும் அதற்கு ஒன்றுதான். ஈரத் துணியால் துடைத்தால் எரியும். தண்ணீர் சொட்டினால் எரியும். பல்லி ஓடினாலும் எரிய வாய்ப்பு உண்டு. சும்மா சொல்லவில்லை. 2018-ல் ஹவாயில், கடல் சீல்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு மருத்துவமனையிலிருந்து பலருக்கும் போன் மேல் போன் போய்க்கொண்டிருந்தது. எடுத்தால் மறுமுனையில் பேச்சே இல்லை. தேடிப் பார்த்ததில், தொடுதிரைப் போன் ஒன்றின் மேல் பல்லி உட்கார்ந்து காலால் எண்களைத் தட்டிக்கொண்டிருந்தது. பல்லி இல்லாத சுவர் நம் ஊரில் ஏது? அதனால் சென்சாரைச் சுவரில் வைக்கும் யோசனையைக் கைவிட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன மர அலமாரிப் பலகையின் அடியில் ஒட்டுவது என்று முடிவு செய்தேன்.

மரத்துக்கு அடியிலிருந்து வேலை செய்யுமா என்று பார்க்க இஎஸ்பி32 என்ற, வைஃபை வசதியுள்ள இன்னொரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டை எடுத்தேன். அதில் தொடு உணர்வுக்கென்றே பத்துப் பின்கள் (வயர் இணைக்கும் கால்கள்) இருக்கின்றன, தனி சென்சார் வேண்டாம். சமையலறையிலிருந்து அலுமினியம் ஃபாயிலை உள்ளங்கை அளவுக்குக் கிழித்து, பலகையின் அடியில் ஒட்டி, ஒரு வயரால் நான்காம் பின்னோடு சேர்த்து, அளவை லேப்டாப் திரையில் ஓடவிட்டேன். இதை ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும். கை தூரத்தில் இருக்கும்போது எண் ஒரே இடத்தில் நின்று ஒன்றிரண்டு மட்டும் ஆடுகிறது. கையை இறக்க இறக்க, பலகையைத் தொடுவதற்கு முன்பே எண் குறையத் தொடங்குகிறது. பலகையில் விரல் நுனி பட்டால் இன்னும் கொஞ்சம் குறைகிறது, உள்ளங்கையை வைத்தால் சட்டென்று விழுகிறது. 1920 வாக்கில் ரஷ்யாவில் லெவ் தெர்மின் கண்டுபிடித்த, தொடாமலேயே கையை அசைத்து வாசிக்கும் இசைக்கருவியும் இந்தக் கெப்பாசிட்டன்ஸை வைத்துத்தான் பாடுகிறது.

லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கினேன். எண் மாறிவிட்டது. திரும்பச் செருகினால் வேறு எண். பலகையும் அதேதான், கையும் அதேதான். ஆனால் உடம்பு வழியாகத் தரைக்குப் போகும் அந்தச் சுற்று, சார்ஜர் இருந்தால் ஒரு வழியாகவும் இல்லாவிட்டால் வேறு வழியாகவும் முடிகிறது. டெஸ்டரில் பார்த்த விஷயம்தான் இங்கே எண்ணாக வந்து நிற்கிறது. லேப்டாப்பில் செருகி அளவை முடிவு செய்துவிட்டு, அப்புறம் வேறு அடாப்டரில் மாட்டி, "நேற்று வேலை செய்தது, இன்று செய்யவில்லை" என்று புலம்புகிறவர்களுக்குப் பதில் பெரும்பாலும் இதுதான். எந்த அடாப்டரோடு ஓடப்போகிறதோ அதில் வைத்துத்தான் அளக்க வேண்டும். மலிவான சார்ஜர் போட்டிருக்கும்போது செல்போன் திரை கிறுக்குப் பிடித்ததுபோல் தானாகத் துள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அடாப்டரிலிருந்து வரும் இரைச்சல் இந்தத் தகட்டையும் விடாது.

இஎஸ்பி32 வரிசையில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. முதலில் வந்த இஎஸ்பி32-ல் தொட்டால் எண் குறையும். பின்னால் வந்த எஸ்2, எஸ்3-ல் தொட்டால் எண் கூடும். பழைய புரோகிராமை அப்படியே புதிய போர்டில் ஏற்றினால் விளக்கு சரியாக வேலை செய்யாது.

கடைசியில் அம்மாவின் விளக்குக்கு டிடிபி223-யும் ஒரு ஆர்டுயினோ நானோவும் என்று முடிவானது. அறையில் வைஃபை வேண்டாம், செல்போன் ஆப் வேண்டாம், அப்படியிருக்க இஎஸ்பி32 எதற்கு? மேலும் வழக்கத்தைத் திருத்திக்கொள்ளும் வேலையைச் சிப்பே பார்த்துக்கொள்கிறது, நான் எழுத வேண்டியதில்லை. சென்சார் போர்டின் தொடு பரப்பில் ஒரு துண்டு வயரைச் சால்டர் செய்து, பலகைக்கு அடியில் ஒட்டிய செம்புத் தகட்டோடு இணைத்தேன். வயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் வயர் முழுவதுமே தொடு பரப்புதான். தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே காற்று இடைவெளி விடக் கூடாது. மரத்தைவிடக் காற்று இந்த விஷயத்தில் மோசம், ஒரு மில்லிமீட்டர் இடைவெளிகூட உணர்வை நன்றாகக் குறைத்துவிடும். கையைக் கொண்டுபோகும்போதே எரிந்துவிடுகிற அளவுக்கு உணர்வு அதிகமாக இருந்தால், தகட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 50 பிக்கோஃபாரட் வரை ஒரு குட்டிக் கெப்பாசிட்டரைச் சேர்க்கலாம். அது கூடக்கூட உணர்வு குறையும்.

விளக்கு, 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் ஒரு மீட்டர். மீட்டருக்கு 4.8 வாட் வகை, அதாவது 0.4 ஆம்பியர். நானோவின் பின் இதை நேரடியாகத் தாங்காது, நடுவில் மாஸ்ஃபெட் வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் மாஸ்ஃபெட் மாட்யூல் என்று கேட்டால் பெரும்பாலும் ஐஆர்எஃப்520 பொருத்திய சிவப்புப் போர்டைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அது முழுதாகத் திறக்க, அதைத் திறந்து மூடும் காலான கேட்டில் பத்து வோல்ட் வேண்டும். ஐந்து வோல்ட் கொடுத்தால் அரைகுறையாகத் திறந்து, லோடு கூடினால் சூடாகும். ஒரு மீட்டர் ஸ்ட்ரிப்புக்கு அது ஓடிவிடும், ஐந்து மீட்டர் போட்டால் தொட்டுப் பார்க்க முடியாது. ஐஆர்எல்இசட்44என் என்று தனி மாஸ்ஃபெட்டாகக் கேட்டு வாங்கினால் ஐந்து வோல்டிலேயே நன்றாகத் திறக்கும். அதன் கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மறக்காமல் போட வேண்டும். நானோ விழித்து எழும் சில நொடிகள் அதன் பின்கள் எந்தப் பக்கமும் சேராமல் அந்தரத்தில் நிற்கும். அப்போது இந்த ரெசிஸ்டர் இல்லாவிட்டால் விளக்கு மினுங்கும்.

"ரிலே போட்டு இருக்கிற பல்பையே எரியவிடலாமே?" என்று நண்பர் கேட்டார். ரிலே என்றால் மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச். போடலாம். ஆனால் இரவு இரண்டு மணிக்கு நிசப்தமான அறையில் ரிலே போடும் "டக்" சத்தம் சின்னச் சத்தம் இல்லை. கடைகளில் கிடைக்கும் ரிலே மாட்யூல்களில் பல, பின்னில் வோல்டேஜ் இறங்கினால் இயங்குகிற வகை, புரோகிராமில் அதைக் கவனிக்காவிட்டால் போர்டு எழும்போதே பல்பு ஒருமுறை மின்னும். இதெல்லாம் சில்லறை. உண்மையான காரணம் 230 வோல்ட். படுக்கைக்குப் பக்கத்தில், மர அலமாரிக்குள், நானே சால்டர் செய்த போர்டில் அதைக் கொண்டுவர எனக்கு விருப்பமில்லை. ரிலேதான் வேண்டும் என்கிறவர்கள் ஃபேஸ் வயரைத்தான் அதன் வழியாகக் கொண்டுபோக வேண்டும், நியூட்ரலை அல்ல. நியூட்ரலை வெட்டினால் பல்பு அணைந்திருக்கும், ஹோல்டரில் கரண்ட் இருக்கும். இன்னொன்று, கடையில் விற்கும் சில மலிவுத் தொடு சுவிட்ச்களில் டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது, உள்ளே இருக்கும் ஐந்து வோல்ட் பகுதியும் மெயினோடு நேராகச் சேர்ந்திருக்கும். மூடி இருக்கும்வரை ஆபத்தில்லை. மூடியைத் திறந்துவைத்து, "ஐந்து வோல்ட்தானே" என்று விரல் வைத்தால் தொலைந்தது.

இனி புரோகிராம். தொட்டால் நிலையை மாற்று என்று மட்டும் எழுதினால், விரல் பலகையில் இருக்கும் அரை விநாடிக்குள் நானோ அந்த வரியை ஆயிரக்கணக்கான முறை ஓடிவிடும். விரலை எடுக்கும்போது எரிந்திருக்குமா, அணைந்திருக்குமா என்பது அதிர்ஷ்டம். அதனால் போன சுற்றில் விரல் இருந்ததா, இந்தச் சுற்றில் இருக்கிறதா என்று இரண்டையும் வைத்துப் பார்க்க வேண்டும். இல்லாமல் இருந்து இப்போது வந்திருந்தால்தான் அது ஒரு தொடல். அரை விநாடிக்குள் எடுத்துவிட்டால் போடு அல்லது அணை. அதற்கு மேலும் வைத்திருந்தால் வெளிச்சத்தை மெல்ல ஏற்று, எடுத்துவிட்டு மறுபடி வைத்தால் இறக்கு. காத்திரு என்ற கட்டளையை எங்கும் பயன்படுத்தக் கூடாது, காத்திருக்கும்போது நானோவுக்கு விரல் தெரியாது. ஓடும் மில்லிவிநாடிக் கணக்கைப் பார்த்துத்தான் எல்லாம் செய்ய வேண்டும். அந்தக் கணக்கு சுமார் 50 நாளுக்கு ஒருமுறை நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பும். இப்போதைய நேரத்திலிருந்து பழைய நேரத்தைக் கழித்துப் பார்த்தால் சிக்கல் இல்லை, கூட்டி வைத்து ஒப்பிட்டால் 50-ம் நாள் தகராறு.

வெளிச்சத்தை ஏற்றி இறக்குவதில்தான் ரொம்ப நேரம் போனது. ஆர்டுயினோ தரும் படிகள் 0 முதல் 255 வரை. பாதிக்கு 127 என்று வைத்தால் கண்ணுக்குப் பாதியாகத் தெரிவதில்லை, கிட்டத்தட்ட முழுதாகத்தான் தெரிகிறது. கீழ்ப்பக்கமோ நேர்மாறு. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போனால் வெளிச்சம் இரட்டிப்பாகிறது, இருட்டுக்குப் பழகிய கண்ணில் அது ஒரு குதியாகவே படுகிறது. அம்மாவுக்கு வேண்டிய வெளிச்சம் சரியாக அந்த அடிப்பகுதியில்தான் இருக்கிறது. நானோவின் 9, 10 பின்களில் இருக்கும் டைமர் 16 பிட், அதாவது 65,536 படிகள் வரை எண்ணும். அதை நேரடியாக அமைத்தால் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் கிடைக்கும். படிகளையும் சமமாகக் கூட்டாமல், இருக்கும் அளவில் இத்தனை சதவீதம் என்று கூட்டினால் கண்ணுக்கு ஒரே சீராக ஏறுகிறது.

அப்புறம் வந்தது, நான் முன்னால் சொன்ன அந்த முடிவெடுக்கும் இடம். கரண்ட் போய்த் திரும்பினால் விளக்கு என்ன செய்ய வேண்டும்? சாதாரண சுவிட்சுக்கு இந்தக் கேள்வியே கிடையாது, போட்டிருந்தால் எரியும். டிடிபி223-யும் நானோவும் எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அம்மாவிடமே கேட்டேன்.

"கரண்ட் வந்ததும் அது பாட்டுக்கு எரியக் கூடாதுடா. தூக்கம் போயிடும்."

"சரிம்மா, அணைஞ்சே இருக்கட்டும்."

"நான் பாத்ரூம்ல இருக்கும்போது கரண்ட் போய் வந்தா? இருட்டுலயா வர்றது?"

இரண்டும் சரி. எரிந்துகொண்டிருந்ததா என்பதை நினைவில் வைத்தால்தான் இரண்டுக்கும் பதில் கிடைக்கும். நானோவின் சிப்பில் கரண்ட் போனாலும் அழியாத 1024 பைட் இடம் இருக்கிறது. ஆனால் ஒரே இடத்தில் ஒரு லட்சம் முறை எழுதுவதற்குத்தான் உத்தரவாதம். வெளிச்சம் ஏறும் ஒவ்வொரு படியையும் எழுதிக்கொண்டிருந்தால் அந்த லட்சம் சீக்கிரமே தீரும். விரலை எடுத்தபின் ஒருமுறை எழுதினால், நாளைக்கு இருபது முறை என்று வைத்தாலும் 13 ஆண்டுக்கு மேல் வரும். ஆக, அணைந்திருந்தால் அணைந்தே இருக்கும். எரிந்துகொண்டிருந்தால் எவ்வளவு வெளிச்சத்தில் இருந்தாலும் சரி, மிகக் குறைந்த அளவில் திரும்பி வரும். மூன்று மணி நேரம் யாரும் தொடாவிட்டால் அணைந்துவிடும். இந்த ஏற்பாட்டைச் சொன்னபோது, "இது போதும்" என்றார். மைக்ரோகண்ட்ரோலருக்கான செலவு இந்த ஒரு பதிலில் தேறிவிட்டது.

பொருத்தியபின் வந்த குறை எலக்ட்ரானிக்ஸ் சம்பந்தப்பட்டதே இல்லை. தொடு சுவிட்சுக்கு மேடு பள்ளம் கிடையாது, மாற்றினால் "கிளிக்" என்று சொல்லாது. இருட்டில் மரப் பலகையில் எந்த இடத்தில் கை வைப்பது? நான் ஒரு சின்ன எல்இடி வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அம்மா ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்த இடத்தில் ஒட்டிவிட்டார், கல் வைத்த பொட்டு, விரலுக்கு நன்றாகத் தட்டுப்படும். சிப் அதையும் நான்கு விநாடியில் வழக்கமாக்கிக்கொண்டது.

ஊரிலிருந்து வந்த அத்தை ஒரு வாரம் அந்த அறையில் இருந்துவிட்டு, தனக்கும் ஒன்று செய்து தரச் சொன்னார். அவர் வீட்டில் கட்டிலுக்கு நேர் மேலேயே சுவரில் இடம் இருக்கிறது, கை நன்றாக இருக்கிறது, வெளிச்சத்தை ஏற்றி இறக்கவும் வேண்டாம், தூங்கப் போகும்போது எழுந்துபோய் லைட்டை அணைக்க வேண்டியிருப்பதுதான் கஷ்டம் என்றார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஒரே விளக்கை இரண்டு இடத்திலிருந்து போட்டு அணைக்க ஒரு டூ-வே சுவிட்ச் போட்டுக்கொள்ளுங்கள் அத்தை என்றேன். "உனக்குச் சோம்பேறித்தனம்" என்று திட்டிவிட்டுப் போனார். போட்டாரா என்று இன்னும் கேட்கவில்லை.